கோட்டை மானும் உண்ணியின் வயிறும்

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஆசிரியை ஒருவர் எழுதிய கடிதம் சென்ற மாதம் என் கைக்கு வந்தது. ஓராண்டுக்கு மேலாக அவருக்குக் கணுக்கால், மணிக்கட்டு, விரல் மூட்டுகள் நோகின்றன. காலையில் முதற்பாடத்தில் வெண்கட்டியைப் பிடித்து எழுதவே விரல்கள் மறுக்கின்றன. இடைவேளை மணி அடிப்பதற்குள் நாள் முழுதும் வயலில் நாற்று நட்டவர்போலக் களைத்துவிடுகிறார். ஒரு வைத்தியர் குருதிப் பரிசோதனைத் தாள்களைப் புரட்டிவிட்டு, "ஒன்றுமில்லை, யோசிக்காமல் இருங்கள்" என்று அனுப்பிவிட்டார். மாமியார் நூல் ஓதிக் கையில் கட்டினார். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் நீராடியதில் அரை நாள் சுகம் கிடைத்தது. கடைசியில், கனடாவின் ஒன்ராறியோவில் வசிக்கும் தங்கை தொலைபேசியில், "அக்கா, இது லைம் நோயாகத்தான் இருக்கும், மானில் இருக்கிற உண்ணியால் வருவது, இங்கே நிறையப் பேருக்கு இருக்கிறது" என்று சொல்லியிருக்கிறார். பிறடெரிக் கோட்டை வாசலில் மான்களுக்குப் பழத்தோல் கொடுப்பது ஆசிரியையின் பல வருட வழக்கம். குருதியை வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பிச் சோதிக்கலாமா என்று கேட்கிறார்.

அனுப்ப வேண்டாம் என்பதே என் பதில். ஆனால் அதற்கான காரணத்தைச் சொல்லாமல் விட்டால், முன்பு "ஒன்றுமில்லை" என்று சொன்னவருக்கும் எனக்கும் வித்தியாசம் இராது. காரணம் ஓர் உண்ணியின் குடலுக்குள் தொடங்குகிறது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1975ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊரிலும் அதன் அயலிலும் சிறுவர்கள் பலருக்கு ஒரே காலத்தில் மூட்டழற்சி வந்தது. அதைத் தற்செயல் என்று ஏற்க மறுத்த தாய்மார் சுகாதாரத் துறையிடம் முறையிட்டார்கள். அலன் ஸ்டீயர் என்ற இளம் வைத்தியர் வீடு வீடாக விசாரித்து, இது தொற்றுநோயின் சாயல் என்று கண்டார். 1981இல் வில்லி பர்க்டோர்ஃபர் என்ற உண்ணி ஆய்வாளர், வேறொரு காய்ச்சலின் கிருமியைத் தேடி உண்ணிகளை வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவற்றின் குடலில் தக்கை திருகி போலச் சுருண்ட பற்றீரியாக்கள் நெளிவதைக் கண்டார். அவருடைய பெயரையே தாங்கி அது பொரேலியா பர்க்டோர்ஃபெரி ஆனது. இன்று அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4,76,000 பேர் இந்நோய்க்குச் சிகிச்சை பெறுவதாக அந்நாட்டின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் மதிப்பிடுகிறது. ஒன்ராறியோவின் தென்பகுதியிலும் அந்த உண்ணி பரவியிருக்கிறது. ஆகவே தங்கையின் கவலை அவர் வாழும் இடத்துக்குப் பொருத்தமானதே.

மான் விடயத்தில் மட்டும் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. கருங்கால் உண்ணியை அங்கே மான் உண்ணி என்றும் அழைப்பதால் நோயும் மானிடமிருந்தே வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். வளர்ந்த உண்ணிக்கு வயிறாரக் குருதி கொடுத்து அதன் எண்ணிக்கையைப் பெருக்குவது மான்தான். ஆனால் அந்நாட்டு வெண்வால் மானின் குருதியிலுள்ள புரதங்கள் இந்தப் பற்றீரியாவைக் கொன்றுவிடுகின்றன. கிருமியைச் சேமித்து வைத்து உண்ணிக்கு ஊட்டுவது வெண்பாத எலி போன்ற சிறு விலங்குகளே. முட்டையிலிருந்து வரும் உண்ணிக்குஞ்சிடம் கிருமி இல்லை. முதல் உணவை எலியிடம் உண்ணும்போதுதான் அது தொற்றுகிறது. நமது கோட்டையிலும் கடற்கரையிலும் திரிகின்ற புள்ளிமான்களில் ஒட்டியிருப்பவை பெரும்பாலும் வேறு பேரினங்களைச் சேர்ந்த உண்ணிகள். நம் வீட்டு நாயின் காதுமடலில் பாசிமணி போல வீங்கித் தொங்கும் உண்ணியும் லைம் கிருமியைக் கடத்தத் தெரியாத இனமே.

"கடத்தத் தெரியாத" என்று சொன்னதற்குக் காரணம் உண்டு, ஏனெனில் கடத்துவது அவ்வளவு எளிய வேலையன்று. நுளம்பு குத்தி உறிஞ்சிப் பறந்துவிடும். கருங்கால் உண்ணியோ நாட்கணக்கில் ஒரே இடத்தில் இருந்து உண்கிறது. கசகசா விதையளவே உள்ள அதன் இளம்பருவம், முள்வாள் போன்ற வாயுறுப்பைத் தோலுக்குள் செருகி, சுற்றிலும் சீமெந்து போல இறுகும் ஒரு பசையைச் சுரந்து தன்னைப் பொருத்திக்கொள்கிறது. அரிப்பையும் குருதி உறைதலையும் அடக்கும் பொருள்கள் அதன் உமிழ்நீரில் இருப்பதால், கடிபட்டவருக்குப் பெரும்பாலும் எதுவுமே தெரிவதில்லை.

இத்தனை நேரமும் கிருமி எங்கே இருக்கிறது? வாயில் இல்லை, நடுக்குடலில். மாதக்கணக்கில் பசித்திருக்கும் உண்ணியின் குடல் சுவரை அது இறுகப் பற்றிக்கொண்டிருக்கிறது. பற்றுவதற்கு அது அணிந்திருக்கும் மேற்சட்டையை ஏ-புரதம் என்று வைத்துக்கொள்வோம். உண்ணியின் குடற்கலங்களில் அதற்கென்றே பொருந்தும் ஏற்பி ஒன்று இருக்கிறது. திடீரென்று இளஞ்சூடான குருதி உள்ளே பாய்கிறது. வெப்பநிலை உயர்கிறது, அமிலத்தன்மை சற்றே மாறுகிறது, உணவு பெருகுகிறது. இவற்றை ஒன்றாகக் கூட்டிப் பார்த்து, "விருந்தாளி வந்துவிட்டார், புறப்படும் நேரம்" என்று முடிவெடுக்கும் மரபணு ஆளி ஒன்று கிருமியினுள் இருக்கிறது. ஆளி விழுந்ததும் ஏ-புரதத்தின் உற்பத்தி குறைந்து சி-புரதம் என்ற வேறு சட்டை தைக்கப்படுகிறது. பிடி தளர்ந்த கிருமிகள் பெருகி, குடல் சுவரைத் துளைத்து, உண்ணியின் உடற்குழியை நீந்திக் கடந்து, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகின்றன. அங்கே இன்னொரு வியப்பு காத்திருக்கிறது: உண்ணியின் உமிழ்நீர்ப் புரதம் ஒன்று வந்து இந்தப் புதிய சட்டையின்மேல் போர்வையாக ஒட்டிக்கொள்கிறது. நமது நோயெதிர்ப்பிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள உண்ணி ஆக்கிய அப்போர்வையை இரவல் வாங்கிக்கொண்டுதான் கிருமி நம் தோலுக்குள் இறங்குகிறது.

இந்தச் சட்டை மாற்றத்துக்கும் பயணத்துக்கும் நேரம் பிடிக்கிறது. பெரும்பாலும் 36 முதல் 48 மணித்தியாலங்கள். அன்று மாலையே குளிக்கும்போது கண்டு, நுனி கூரிய சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்துவிட்டால் தொற்றின் அபாயம் மிகக் குறைவாக இருப்பது இதனால்தான்.

இந்த அறிவைக் கொண்டு செய்த தடுப்பூசியைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியும் ஆற்றாமையும் ஒருங்கே வரும். 1998இன் இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்த ஊசி, நம் உடலை ஏ-புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரிகளை ஆக்கச் செய்தது. நம் உடலுக்குள் வரும்போது கிருமி அந்தச் சட்டையைக் களைந்துவிடுகிறதே, பிறகென்ன பயன் என்று தோன்றலாம். ஆனால் உண்ணி நம் குருதியை உறிஞ்சும்போது பிறபொருளெதிரிகளையும் சேர்த்தே உறிஞ்சுகிறது. சட்டை மாற்ற நேரமில்லாத கிருமிகள் உண்ணியின் குடலிலேயே மடிகின்றன. ஊசி நம் கையில், போர் உண்ணியின் வயிற்றில்! மூன்று தடவை ஊசி போட்டவர்களில் அது 76 வீதம் பாதுகாப்பளித்தது. ஆயினும் அதுவே மூட்டழற்சியை உண்டாக்குகிறது என்ற அச்சம் பரவியது. ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. இருந்தும் விற்பனை சரிந்து, 2002இல் உற்பத்தி நிறுவனமே அதைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. நாய்களுக்கான லைம் தடுப்பூசி தொடர்ந்து கிடைத்துக்கொண்டிருக்க, அவற்றின் எசமானர்களுக்கு ஒன்றுமில்லாமல் போனது. இப்படியோர் அழகிய கருத்து ஆய்வுகூடத்தில் தோற்காமல் வதந்தியிடம் தோற்றதை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

உடலுக்குள் இறங்கிய பின்னும் கிருமி மாறிக்கொண்டே இருக்கிறது. அதன் மேற்பரப்பிலுள்ள மற்றொரு புரதத்துக்கான மரபணுவுக்குப் பக்கத்தில், பேசாமல் கிடக்கும் 15 துண்டுகள் வரிசையாக உள்ளன; கந்தல் துணிகளை வெட்டி ஒட்டுவதுபோல அவற்றிலிருந்து சிறு பகுதிகளை எடுத்து மரபணுவில் ஒட்டி, நமது பிறபொருளெதிரிகள் அடையாளம் காண்பதற்குள் முகத்தை மாற்றிவிடுகிறது. பெரும்பாலான உயிர்களுக்கு இன்றியமையாத இரும்பைக்கூட அது வேண்டுவதில்லை. மங்கனீசைக் கொண்டு சமாளிக்கிறது. இரும்பை ஒளித்து வைத்துக் கிருமியைப் பட்டினி போடும் நமது பழைய உபாயம் அதனிடம் செல்லாது.

இனிப் பரிசோதனைக்கு வருவோம். குருதியில் இக்கிருமியின் எண்ணிக்கை மிகக் குறைவு என்பதால் கிருமியை நேரடியாகத் தேடுவதில்லை; அதற்கெதிராக உடல் ஆக்கிய பிறபொருளெதிரிகளையே தேடுகிறார்கள். அவை உருவாகச் சில வாரங்கள் செல்லும். முதலில் ஒரு பொதுச் சோதனை செய்து, அதில் ஐயம் எழுந்தால், கிருமியின் புரதங்களைப் பட்டைகளாகப் பிரித்து வைத்த தாளில் இரண்டாம் சோதனை செய்வார்கள். பழைய தொற்றுக்கு 10 பட்டைகளில் குறைந்தது 5 தெரிய வேண்டும் என்பது வழமையான அளவுகோல். இந்த அளவுகோலைத் தளர்த்தித் தமக்கெனத் தனி விதி வைத்துக்கொள்ளும் வணிக ஆய்வுகூடங்களும் உண்டு. பட்டைகளுள் ஒன்று, கிருமி நீந்த உதவும் இழையான சவுக்குமுளையின் புரதம். அதையொத்த புரதம் வேறு பல பற்றீரியாக்களிடமும் இருப்பதால் அந்த ஒரு பட்டையை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைராவும் இதே சுருள் வடிவக் குடும்பத்து உறவினர்தான். தம்பலகாமத்திலோ கிண்ணியாவிலோ வயலில் இறங்கி எப்போதோ எலிக்காய்ச்சல் கண்ட ஒருவரின் குருதி, லைம் சோதனையில் பொய்யாகத் தலையாட்டக்கூடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் கற்பனை, தருக்கம் உண்மையானது. நோயுள்ள எவரையும் தவறவிடாத, ஆனால் நோயில்லாத 100 பேரில் 2 பேருக்குத் தவறாக "உண்டு" என்று சொல்லும் ஒரு சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டு நோவுள்ள 10,000 பேரில் 1,000 பேருக்கு லைம் இருக்கக்கூடிய ஓர் ஊரில் அதைச் செய்தால், "உண்டு" என்று வரும் 1,180 பேரில் 1,000 பேருக்கு உண்மையாகவே நோய் இருக்கும். அதே சோதனையை, 10,000 பேரில் ஒருவருக்கு மட்டுமே அந்நோய் இருக்கக்கூடிய ஊரில் செய்தால், ஏறத்தாழ 201 பேருக்கு "உண்டு" என்று வரும். அவர்களில் நோயாளி ஒருவர். சோதனை மாறவில்லை, ஊர்தான் மாறியது. லைம் நோய் இலங்கையில் நிலைகொண்டிருப்பதாக நிறுவப்படவில்லை. ஆசிரியை அந்நோயுள்ள நாடு எதற்கும் போனதுமில்லை. கடிபட்ட இடத்திலிருந்து நாளுக்கு நாள் பெருகி உள்ளங்கையளவுக்கு விரியும் செந்நிறத் தடிப்பைக் கண்டதுமில்லை. தொற்றியவர்களில் 70 முதல் 80 வீதமானோருக்கு அது தோன்றும்.

"உண்டு" என்று ஒரு தாள் வந்துவிட்டால் அதன் பின் நடப்பதை எண்ணித்தான் நான் அஞ்சுகிறேன். உறுதிப்பட்ட லைம் நோயாளிகளிலேயே 5 முதல் 10 வீதமானோர் முறையான சிகிச்சைக்குப் பின்பும் மாதக்கணக்கில் சோர்வும் நோவும் அனுபவிக்கிறார்கள். அவர்களின் துன்பம் மெய். ஆனால் அவர்களுக்கு மாதக்கணக்கில் நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்துப் பார்த்த கட்டுப்பாட்டு ஆய்வுகளில், 2001இல் அமெரிக்காவிலும் 2016இல் நெதர்லாந்திலும் வெளியானவை உட்பட, நிலைத்த நன்மை காணப்படவில்லை. நாளத்தில் நெடுநாள் ஏற்றும் மருந்தால் பித்தப்பைக் கல்லும், குழாய் வழியே குருதித் தொற்றும் வந்தவர்கள் உண்டு. மாமியார் கட்டிய நூலாவது கையை அறுக்காது.

உண்ணியையும் அதன் சுற்றத்தையும் நாம் மறந்துவிடலாம் என்று இதற்குப் பொருளில்லை. நமது உலர் வலயப் பற்றைகளில் வாழும் சிற்றுண்ணியின் இளம்பருவம் கடிப்பதால் வரும் உண்ணிக்காய்ச்சல் இலங்கையில் நன்கு அறியப்பட்டது. இடுப்பிலோ அக்குளிலோ சிகரெட் சுட்டதுபோல ஒரு கரும்பொருக்கு இருந்தால் அதுவே துப்பு. அதைத் தேடாமல் காய்ச்சலை மட்டும் பார்ப்பவருக்கு நோய் பிடிபடாது. டொக்சிசைக்கிளின் அதற்கும் கேட்கும், எலிக்காய்ச்சலுக்கும் கேட்கும், லைமுக்கும் கேட்கும். ஆகவே அம்மருந்தால் ஒருவருக்குச் சுகம் வந்தது என்பது அவருக்கு லைம் இருந்ததற்குச் சான்றாகாது. நம் ஊர் உண்ணிகள் எவற்றைச் சுமக்கின்றன என்று ஆராய இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்கியிருந்தால், இந்த ஆசிரியைக்கு ஒன்ராறியோவிலிருந்து நோயின் பெயர் வர வேண்டியிருந்திராது என்று நினைக்கிறேன்.

ஆசிரியைக்கு நான் திருப்பி எழுதியபோது ஒரே ஒரு கேள்வியைக் கேட்டேன்: நோவு தொடங்கிய மாதம் எது, அதற்கு முன் காய்ச்சல் ஏதும் வந்ததா? பதில் ஐந்தாம் நாள் வந்தது. 2025 ஏப்ரல் விடுமுறையில் கொழும்பில் தம்பி வீட்டில் தங்கியிருந்தபோது நான்கு நாள் கடுங்காய்ச்சல்; கணுக்கால் வீங்கிச் சுவரைப் பிடித்து நடந்தாராம். அந்த ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் இருந்ததால் எந்த வைத்தியரிடமும் அதைச் சொல்லத் தோன்றவில்லையாம். அந்த மாதங்களில் இலங்கையில் சிக்குன்குன்யா பரவிக்கொண்டிருந்தது. நுளம்பு கொண்டுவரும் அந்த வைரசு உடலை விட்டு நீங்கிய பின்னும் மூட்டு நோவும் சோர்வும் மாதங்களாக, சிலருக்கு ஆண்டுகளாகத் தொடர்வது 2006இன் பரவலிலிருந்தே நமக்குப் பழக்கமான விடயம்.

இதுவும் ஓர் ஊகமே. காலை விறைப்பு வாதமூட்டழற்சியிலும் வரும். களைப்பு தைரொயிட்டுக் குறைவாலும் குருதிச்சோகையாலும் வரும். எனவே காய்ச்சல் வந்த திகதியையும், வீங்கிய மூட்டுகளின் பெயர்களையும், காலையில் விறைப்பு எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்பதையும் ஒரு தாளில் எழுதி, இம்முறை வாத நோய்க் கிளினிக்குக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன். சிக்குன்குன்யாப் பிறபொருளெதிரிச் சோதனை பொருந்துமா என்று அவரே அங்கே கேட்பார். மான்களுக்குப் பழத்தோல் கொடுப்பதை நிறுத்த வேண்டுமா என்றும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தார். தோலைக் கொண்டுவரும் பொலித்தீன் பையை மட்டும் வீட்டுக்குத் திரும்ப எடுத்துப்போகும்படி எழுதினேன். அதையும் அவை தின்றுவிடுகின்றன.