டிரோன்: தேன்பெட்டிக்குள்ளிருந்து வந்த பெயர்

மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் தேன்பெட்டி வைத்திருக்கும் சித்தப்பா ஒருவர், கல்யாண வீட்டில் படமெடுக்கப் பறந்ததை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுக்கு டிரோன்னு எதுக்கு மக்கா பேரு போட்டானுவ?"

பதில் அவருடைய பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் டிரோன் என்றால் ஆண் தேனீ. கொடுக்கு கிடையாது, தேன் சேர்க்காது. ராணி ஈயோடு கூடுவது ஒன்றே அதன் வேலை, கூடியதும் செத்து விழும். ஒரே சுதியில் முரலுவதையும் அதே சொல்லால் குறிப்பார்கள். அதனால் விசிறி இரைச்சலை வைத்துத்தான் பெயர் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பரவலாகச் சொல்லப்படும் வரலாறு வேறு.

1935-இல் பிரிட்டன், விமான எதிர்ப்புப் பீரங்கி வீரர்கள் சுட்டுப் பழக ஒரு விமானம் செய்தது. மர உடல், இரண்டடுக்கு இறக்கை, தரையிலிருந்து ரேடியோவில் ஓட்டலாம். பெயர் 'குயீன் பீ', அதாவது ராணி ஈ. அதன் செயல்விளக்கத்தைப் பார்த்த அமெரிக்கக் கடற்படைத் தலைவர் வில்லியம் ஸ்டாண்ட்லி, தங்களுக்கும் அப்படியொன்று வேண்டும் என்றார். அந்தப் பொறுப்பை ஏற்ற டெல்மர் ஃபார்னி என்ற அதிகாரி, ராணி ஈக்கு மரியாதையாகத் தம்முடையதை 'டிரோன்', அதாவது ஆண் ஈ, என்று அழைத்தார். ஆக, அந்தப் பெயரோடு முதலில் பறந்தவை படமெடுக்கவில்லை, சுடப்படுவதற்கென்றே பறந்தன. ஆண் ஈயின் ஆயுசை நினைத்தால், தெரிந்தோ தெரியாமலோ பொருத்தமான பெயர்தான்.

நம் நாட்டுப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. செய்த 'லக்ஷ்யா'வும் இந்த வகைதான். ராக்கெட் உந்துதலில் கிளம்பி, ஜெட் பொறியில் பறந்து, சுட வேண்டிய பொருளை நீளமான கம்பியில் கட்டி இழுத்துப் போகும். வேலை முடிந்ததும் பாராசூட்டில் இறங்கும். திரும்பவும் பறக்க விடலாம். சாகாத ஆண் ஈ! பின்னால் வந்தது 'அப்யாஸ்'. ஒன்றின் பெயருக்குப் பொருள் இலக்கு, மற்றதற்குப் பயிற்சி.

தமிழில் என்ன சொல்வது? 'ஆளில்லா விமானம்' என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. பொருள் விளங்குகிறது. ஆனால் கோயில் கருவறைக்கு மேல் நிற்பதும் விமானம்தானே. வானூர்தி இன்னும் தெளிவு. புறநானூற்றின் 27-ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் "வலவன் ஏவா வான ஊர்தி" என்கிறார். வலவன், தேரோட்டுபவன். அந்த வரியைக் காட்டி 'அப்பவே நம்மகிட்ட டிரோன் இருந்தது' என்று கிளம்புபவர்கள் உண்டு. அங்கே அது புலவர் பாடும் புகழுடையவர் விண்ணுலகம் போகும் ஊர்தி. சுடப்படப் போகும் ஊர்தி அல்ல. இன்றைய டிரோனை ஏவாமலும் விடுவதில்லை. வலவன் உள்ளே இல்லை, தரையில் இருக்கிறான், அவ்வளவுதான். ஆகவே அந்தத் தொடரில் 'வான ஊர்தி'யை மட்டும் எடுத்துக்கொண்டு, பொதுவாக 'ஆளில்லா வானூர்தி' என்று சொன்னால் போதும்.

படைப்பயிற்சிக்குப் பறப்பதற்குத் தனிச்சொல் வேண்டும். 'குறி வானூர்தி' என்று வைக்கலாம். ஆனால் குறி சொல்லும் கோடாங்கிக்காரர் நினைவுக்கு வருவார். 'இலக்கு வானூர்தி' என்றால் யாருக்கும் புரியும், லக்ஷ்யாவின் பெயரோடும் ஒத்துப்போகும்.

சித்தப்பாவிடம் இவ்வளவையும் சொன்னேன். "ஆண் ஈயாக்குமா? அப்ப பேரு சரிதான். இதுவும் தேன் கொண்டு வராது" என்றார். படமெடுத்த பையன் அன்றைக்கு வாங்கின கூலி அவருக்குத் தெரியாது.