மெத்தைக்கு அடியில் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்: "குளிர்காலத்தில் நானும் மனைவியும் கேரவனில் நான்கு நாள் தங்கினோம். கேஸ் ஹீட்டர் விடிய விடிய எரிந்தது, உள்ளே கதகதப்பாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பலகை சொதசொதவென்று நனைந்து கிடக்கிறது. மழை இல்லை. தண்ணீர்த் தொட்டி ஒழுகவில்லை. கூரையில் ஓட்டை இருக்குமோ என்று அரை நாள் தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?"

இதைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் இந்தச் சின்ன வீட்டில் குளிரைச் சமாளிப்பது பற்றிப் பேச்செடுத்தால், எல்லோரும் ஹீட்டரைப் பற்றித்தான் பேசுவார்கள். எத்தனை வாட், எத்தனை சிலிண்டர், எது சிக்கனம் என்று பேச்சு போகும். என்னைக் கேட்டால் அதில் பாதிதான் வெப்பக் கணக்கு. மீதிப் பாதி தண்ணீர்க் கணக்கு. வாசகரின் மெத்தை இந்த இரண்டாவது கணக்கைத்தான் காட்டிக்கொடுத்திருக்கிறது.

முதல் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கேரவன் சுவர் பெரும்பாலும் சில சென்டிமீட்டர் தடிமன்தான். நடுவில் தெர்மோகோல் போன்ற நுரை, வெளியே மெல்லிய தகடு. ஆறு பக்கமும் வெளிக்காற்று. வீட்டுக்குத் தரைக்கடியில் மண் இருக்கிறது, கேரவனுக்கோ தரைக்கடியிலும் காற்றுதான் வீசுகிறது. அதனால்தான் குளிர்காலத்தில் நீண்ட நாள் தங்குபவர்கள் சக்கரத்தைச் சுற்றிப் பாவாடை மாதிரி தடுப்புக் கட்டுகிறார்கள். தெளிந்த இரவில் கூரை தன் வெப்பத்தை வானத்தை நோக்கிக் கதிராக வேறு வீசிக்கொண்டிருக்கும். கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்று பள்ளியில் படித்த மூன்று வழியிலும் வெப்பம் ஓடுகிறது. அதை ஈடுகட்டத்தான் ஹீட்டர். சரி, இனி தண்ணீருக்கு வருவோம்.

கேஸ் ஹீட்டர்களில் எரியும் புரொப்பேன் என்ற வாயுவின் மூலக்கூறு ஒன்றில் 3 கார்பன், 8 ஹைட்ரஜன் அணுக்கள். அது ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்தால் 3 கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறும் 4 நீர் மூலக்கூறும் வரும். இதை எடையாக மாற்றிப் பாருங்கள். 44 கிராம் புரொப்பேன் எரிந்தால் 72 கிராம் தண்ணீர். ஒரு கிலோ எரித்தால் 1.6 கிலோவுக்கும் கொஞ்சம் மேல். எரித்த எரிபொருளைவிட அதிக எடைக்குத் தண்ணீர்! கூடுதல் எடை, அறைக் காற்றிலிருந்து தீ எடுத்துக்கொண்ட ஆக்சிஜனின் எடை. தீயும் தண்ணீரும் பகை என்று சொல்லியே வளர்ந்தோம். ஆனால் கேஸ் அடுப்பின் நீலச் சுடர் ஒவ்வொன்றும் ஒரு சின்ன ஊற்று. ஆவியாக வருவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இப்போது ஒரு சராசரி கேரவனை எடுத்துக்கொள்வோம். உள்ளே 25 கன மீட்டர் காற்று இருக்கட்டும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அப்படியானால் கேரவன் முழுவதற்கும் கொள்ளளவு 430 கிராம். ஒரு சொம்பு தண்ணீர்கூட இல்லை.

வரவைப் பாருங்கள். தூங்கும் ஒருவர் மூச்சிலும் தோலிலுமாக மணிக்குச் சுமார் 40 கிராம் நீரை வெளியே விடுகிறார். இரண்டு பேர், எட்டு மணி நேரம் என்றால் 640 கிராம். புகைக்குழாய் இல்லாத சின்ன கேஸ் ஹீட்டர் 1,500 வாட் அளவில் இரவெல்லாம் எரிந்தால் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகப் புரொப்பேன் செலவாகும். அதிலிருந்து வரும் தண்ணீர் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். மொத்தம் இரண்டு லிட்டருக்கு மேல். 430 கிராம் மட்டுமே தாங்கும் பெட்டிக்குள், ஜன்னலை எல்லாம் சாத்திக்கொண்டு, ஒரே இரவில் இரண்டு லிட்டரை ஊற்றியிருக்கிறோம். வாசகர் கூரையில் தேடிய ஓட்டை ஹீட்டரில் இருந்தது, தூங்கிய இருவரின் மூக்கிலும் இருந்தது.

இந்த ஆவி போய் உட்காரும் இடத்தைத்தான் எனக்குப் பார்த்து அலுப்பதே இல்லை. காற்று குளிரக் குளிர அது தாங்கும் நீராவி குறைகிறது. 20 டிகிரியில் 17 கிராம், 10 டிகிரியில் 9 கிராம் சொச்சம், 0 டிகிரியில் 5 கிராமுக்கும் குறைவு. 20 டிகிரி அறையில் ஒப்பு ஈரப்பதம் 50 சதவீதம் (தாங்கக்கூடிய ஆவியில் பாதி) என்றால் அந்தக் காற்றின் பனிநிலை 9 டிகிரியை ஒட்டி இருக்கும். அதாவது, உள்ளே 9 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பைத் தொட்டாலும் ஆவி அங்கே தண்ணீராகிவிடும். வெளியே 0 டிகிரி இருக்கும்போது ஒற்றைக் கண்ணாடி ஜன்னலின் உட்புறம் 5 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே ஜன்னல் வியர்க்கிறது.

ஜன்னல் எல்லோருக்கும் தெரியும். நான் பார்த்த வேறொன்றைச் சொல்கிறேன். ஒரு பனிக்கால விடியலில் கேரவனுக்குள் கண்விழித்தேன். வெளியே மைனஸ் 8. போர்வையை விட்டு எழ மனமில்லாமல் படுத்தபடியே டார்ச் அடித்தேன். பக்கத்துச் சுவரில் மிளகு அளவில் வெள்ளைப் புள்ளிகள், அளந்து வைத்தது போல ஒரே இடைவெளியில், நேர்கோட்டில் மேலே போயின. நகத்தால் ஒன்றைச் சுரண்டினேன். பொடிப்பனி நகத்தில் ஒட்டிக்கொண்டு உடனே நீராகியது. அடியில் ஒரு திருகாணியின் தலை! எல்லாப் புள்ளிக்கும் அடியில் ஒரு திருகாணி இருந்தது. அவை சுவருக்குள் இருக்கும் அலுமினியச் சட்டத்தில் முறுக்கப்பட்டவை, சட்டமோ வெளித்தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அலுமினியம் வெப்பத்தைத் தெர்மோகோலைவிடப் பல ஆயிரம் மடங்கு எளிதாகக் கடத்தும். அதனால் சுவரெங்கும் நுரை காப்பாற்றினாலும், திருகாணி வழியே வெளிக்குளிர் உள்ளே எட்டிப்பார்க்கிறது. சுவருக்குள் மறைந்திருந்த எலும்புக்கூட்டை நீராவி புள்ளி வைத்து வரைந்து காட்டியிருந்தது. எக்ஸ்ரே எடுத்தால்கூட அத்தனை தெளிவாக வந்திருக்குமா தெரியவில்லை. எழுந்திருக்காமல் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது மெத்தை. உங்கள் உடல் மெத்தையின் மேல்பக்கத்தைச் சூடாக்குகிறது. மெத்தை நுரை நல்ல வெப்பக்காப்பு, அந்தச் சூட்டை அடிப்பலகை வரை விடாது. ஆனால் அதே நுரையின் துளைகள் வழியே நீராவி தாராளமாகப் போகும். சூடு மேலேயே தங்கிவிட, ஆவி மட்டும் கீழே இறங்கிக் குளிர்ந்த பலகையைத் தொடுகிறது. அங்கே அது தண்ணீராகாமல் என்ன செய்யும்? வெப்பத்தைத் தடுக்கும் பொருளெல்லாம் ஆவியையும் தடுக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். இரண்டும் வேறு வேறு குணங்கள். மெத்தை தடிமனாக ஆக அடிப்பலகை இன்னும் குளிர்ந்துபோகும், இன்னும் நனையும்.

ஜன்னலுக்குக் கனமான திரை போட்டாலும் இதே கதைதான். திரை வெப்பத்தை மறிக்கிறது, கண்ணாடி முன்பைவிடக் குளிர்கிறது, துணி வழியே நுழைந்த ஆவி திரைக்குப் பின்னால் ஓடையாக வழிகிறது. காலையில் திரையை விலக்கியவர்கள் "திரை போட்டதால் ஈரம் வந்துவிட்டது" என்று சொல்வார்கள். அது ஒருவகையில் உண்மையும்கூட. ஓரமெல்லாம் ஒட்டிக்கொள்ளும், ஆவி புகாத நுரை அட்டையை ஜன்னல் அளவுக்கு வெட்டிக் கண்ணாடியோடு ஒட்டிப் பொருத்தினால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

ஈரம் வெறும் அழுக்குப் பிரச்சினை என்று விட்டுவிடக் கூடாது. சுவருக்குள் இருக்கும் பஞ்சோ தூக்கப்பையின் இறகோ உங்களைக் காப்பது தனக்குள் சிறைப்பிடித்த அசையாத காற்றால்தான். அந்தக் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் வெப்பம் இருபது மடங்குக்கு மேல் எளிதாகக் கடந்து ஓடும். நேற்றைவிட இன்று குளிர்கிறதே என்று ஹீட்டரைக் கூட்டி வைப்பீர்கள். கூட்டிய சுடர் இன்னும் தண்ணீரைக் கொட்டும். அப்புறம் பூஞ்சை.

பனி "பெய்கிறது", "இறங்குகிறது" என்றுதான் நாம் இன்றும் பேசுகிறோம். வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற மருத்துவர் அதைச் சோதித்துப் பார்த்தார். லண்டன் அருகே ஒரு நண்பரின் தோட்டத்தில் இரவிரவாக உட்கார்ந்து, எடை போட்ட கம்பளித் துணுக்குகளை ஒரு பலகையின் மேலேயும் அடியிலும் வைத்து, அவை எவ்வளவு கனத்தன என்று அளந்தார். பலகைக்கு அடியில் இருந்த துணுக்கும் நனைந்திருந்தது. மேலிருந்து பெய்வது எப்படி அடியில் நனைக்கும்? பொருள்கள் இரவில் வானத்தை நோக்கி வெப்பத்தைக் கதிர்வீசிக் குளிர்கின்றன, குளிர்ந்த பரப்பில் காற்றின் ஆவி படிகிறது என்று 1814-ல் அவர் எழுதினார். ஒரு தராசு, சில வெப்பமானிகள், கொஞ்சம் கம்பளி, நிறையப் பொறுமை. ஆராய்ச்சிப் பணம் என்றால் ராக்கெட்டும் ராட்சத இயந்திரமும்தான் நம் கண்ணுக்குத் தெரிகின்றன. அவையும் வேண்டும். ஆனால் ஈரம், சுவர், காற்றோட்டம் போன்ற அன்றாடச் சங்கதிகளை ஆராய்பவர்களுக்கும் பணம் போக வேண்டும் என்பது என் திடமான கருத்து. மனிதர்கள் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழிப்பது நான்கு சுவருக்குள்தான்.

சரி, ஆவியை என்ன செய்வது? வெளியே அனுப்ப வேண்டும். "இந்தக் குளிரில் ஜன்னலைத் திறப்பதா?" என்று கேட்பீர்கள். பயப்படாமல் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு ஒரு முறை கேரவனின் காற்று முழுவதும் மாறுகிறது என்று கொள்வோம். 0 டிகிரியில் உள்ளே வரும் காற்றை 20 டிகிரிக்குச் சூடேற்ற ஏறத்தாழ 170 வாட் ஆகும். தூங்கும் மனிதர் ஒருவர் 70, 80 வாட் வெப்பம் தருகிறார். இருவர் இருந்தால் அந்தச் செலவு அநேகமாக அவர்கள் உடல் சூட்டிலேயே கட்டுப்படியாகிவிடுகிறது! அதற்குப் பதிலாக, வெளியேறும் காற்று மணிக்கு 100 கிராமுக்கு மேல் ஆவியைச் சுமந்துபோகும். குளிர்ந்த வெளிக்காற்றில் பனி மூட்டமே இருந்தாலும், சூடேறியதும் அது வறண்ட காற்றாகிவிடும். இருவர் மூச்சின் ஈரமான மணிக்கு 80 கிராமை இது சமாளிக்கும். புகைக்குழாய் இல்லாத ஹீட்டர் கொட்டும் மணிக்கு 190 கிராமை இதனால் சமாளிக்க முடியாது.

ஆகவே வழி தெளிவு. எரிவது ஹீட்டருக்கு உள்ளேயே இருக்கும் ஒரு மூடிய அறைக்குள் எரிய வேண்டும், அதன் புகை குழாய் வழியே நேராக வெளியே போக வேண்டும், உள்ளே சூடு மட்டும் வர வேண்டும். கேரவனில் பொருத்தி வரும் ஃபர்னஸும் டீசல் ஹீட்டரும் இப்படித்தான் வேலை செய்கின்றன. சுடரே தெரியாத கேட்டலிட்டிக் ஹீட்டருக்கும் மேலே போட்ட சமன்பாடு பொருந்தும் என்பதை மறக்க வேண்டாம். கூரைத் துவாரத்தை இரண்டு விரல்கடை திறந்து, கீழே ஒரு ஜன்னலில் கீற்றளவு இடம் விடுங்கள். நீர் மூலக்கூறு நைட்ரஜனையும் ஆக்சிஜனையும்விட இலேசானது. அதனால் ஈரக் காற்று, அதே சூட்டில் இருக்கும் உலர்ந்த காற்றைவிட எடை குறைவு. சூடும் சேர்ந்தால் அது தானாக மேலே ஏறி வெளியேறும்.

காற்றோட்டத்துக்கு இதைவிடப் பெரிய காரணமும் உண்டு. ஆக்சிஜன் போதாமல் எரியும் சுடர் கார்பன் மோனாக்சைடைத் தரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். தூங்குகிறவருக்கு எச்சரிக்கையே கிடைக்காது. சமையல் அடுப்பை அறை சூடாக்க எரியவிடுவதும், கரிக்கனலை உள்ளே கொண்டுவந்து வைத்துக்கொள்வதும் உயிரோடு விளையாடுவது. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியைப் படுக்கைக்கு அருகே மாட்டுங்கள். கேஸ் கசிவுக் கருவியைத் தரையோரம் வையுங்கள், புரொப்பேன் காற்றைவிடக் கனமானது.

மெழுகுவத்தி மேல் மண்சட்டியைக் கவிழ்த்தால் அறையே சூடாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. சட்டி தொட்டால் சுடுவது நிஜம்தான், ஆனால் இல்லாத வெப்பத்தைச் சட்டி எங்கிருந்து கொண்டுவரும்? ஒரு சின்ன மெழுகுவத்தி தருவது முப்பது, நாற்பது வாட். பக்கத்தில் படுத்திருப்பவர் அதைவிட இரண்டு மடங்கு தருகிறார். நான்கைந்து மெழுகுவத்தி ஏற்றினால் ஈரமும் தீவிபத்துப் பயமும்தான் கூடும். இந்த மாதிரி நம்பிக்கைகளை நான் சும்மா விடமாட்டேன், மூடிய கேரவனுக்குள் இது உயிரைக் குடிக்கக்கூடியது.

அதே வாசகர் கடிதத்தின் அடியில் இன்னொன்றும் கேட்டிருந்தார்: சிலிண்டரில் கேஸ் இருந்தும் விடியற்காலையில் சுடர் ஏன் சிறுத்துப்போனது? பியூட்டேன் கலந்த கேஸாக இருந்திருக்கும். பியூட்டேனின் கொதிநிலை மைனஸ் 0.5 டிகிரி. அதற்குக் கீழே அது சிலிண்டருக்குள் திரவமாகவே தூங்கும். புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும், குளிர்காலத்துக்கு அதுவே சரி.

அடுத்த பயணத்துக்கு முன் மெத்தைக்கு அடியில் காற்றுப் போகும்படி மரச்சட்டமோ முறுக்கு வலையோ போடுங்கள். அந்த ஹீட்டரை மாற்றிவிட்டு, கூரைத் துவாரத்தைத் திறந்து வைத்துத் தூங்குங்கள். காலையில் விளக்கைப் போடுவதற்கு முன் டார்ச்சைச் சுவரோரம் சாய்த்து அடித்துத் திருகாணித் தலைகளைப் பாருங்கள். எத்தனை புள்ளி வெளுத்திருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள், எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.