பவுடர் பாலிலிருந்து பசும்பாலுக்கு: ஒரு வயதுவரை ஏன் பொறுக்கச் சொல்கிறார்கள்?

பதினோரு மாதக் குழந்தைக்குப் பசும்பால் கொடுக்கலாமா என்று கேட்டால், "இன்னும் கொஞ்சம் பொறுங்கள்" என்கிறார் மருத்துவர். ஒரு மாதம் கழித்து அதே கேள்வியைக் கேட்டால், "தாராளமாகக் கொடுங்கள்" என்கிறார். இடையில் பால் மாறிவிடவில்லை. போதாக்குறைக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. டப்பாவில் வரும் ஃபார்முலா பவுடரே பெரும்பாலும் பசும்பாலிலிருந்துதான் தயாராகிறது. அப்படியானால் குழந்தை இத்தனை நாளும் குடித்தது பசும்பால்தானே?

ஆமாம், பசும்பால்தான். ஆனால் பாகம் பாகமாகப் பிரித்து, மனிதக் குழந்தைக்கு ஏற்ற அளவில் மறுபடி சேர்த்த பசும்பால். 1865-ல் ஜெர்மன் வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபான் லீபிக் பசும்பாலோடு கோதுமை மாவு, மால்ட் மாவு, பொட்டாசியம் பைகார்பனேட் கலந்து ஒரு குழந்தை உணவைத் தயாரித்தார். அன்றிலிருந்து நடக்கும் வேலை ஒன்றுதான்: பசும்பாலைத் தாய்ப்பாலுக்கு முடிந்தவரை அருகில் கொண்டுவருவது. இன்றைய ஃபார்முலாவில் புரதமும் உப்புகளும் குறைக்கப்பட்டிருக்கும். பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் கூட்டப்பட்டிருக்கும். பால் கொழுப்புக்குப் பதிலாகப் பெரும்பாலும் தாவர எண்ணெய்கள் இருக்கும். அப்புறம் இரும்புச்சத்தும் வைட்டமின்களும் தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கும். இந்தக் கடைசி வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பசும்பாலுக்கு மாறும்போது முதலில் காணாமல் போவது அந்த இரும்புதான்.

பசும்பாலை ஏன் இவ்வளவு மாற்ற வேண்டியிருக்கிறது? அது கன்றுக்காகச் சுரப்பது. கன்று பிறந்த எடையைப் போல இரண்டு மடங்காக ஏறக்குறைய ஒன்றரை மாதம் போதும். மனிதக் குழந்தைக்கு ஐந்து மாதம் வேண்டும். அந்த வேகத்துக்கு ஏற்றபடி பசும்பாலில் 100 மி.லி.க்கு 3.3 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. தாய்ப்பாலில் ஒரு கிராமை ஒட்டியே இருக்கும். கால்சியம் நான்கு மடங்கு, பாஸ்பரஸ் அதைவிடவும் அதிகம், சோடியம் சுமார் மூன்று மடங்கு. இனிப்பு மட்டும் தலைகீழ்: தாய்ப்பாலில் லாக்டோஸ் 7 கிராம், பசும்பாலில் 5-க்கும் கீழே.

புரதத்தின் அளவைப் போலவே அதன் வகையும் வேறு. பால் புரதத்தில் கேசீன், வே என்று இரண்டு பெரிய பிரிவுகள் உண்டு. பசும்பாலில் பத்தில் எட்டுப் பங்கு கேசீன். ஒரு டம்ளர் பசும்பாலில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். கட்டி கட்டியாகத் திரண்டு, தெளிந்த நீர் தனியே நிற்கும். திரள்வது கேசீன், அந்த நீரில் கரைந்திருப்பது வே. வயிற்று அமிலத்தில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். கேசீன் குறைவாக உள்ள தாய்ப்பால் இப்படிக் கெட்டியாகாமல் மெல்லிய துகள்களாகத் திரிகிறது, வயிற்றை விட்டுச் சீக்கிரம் இறங்கிவிடுகிறது. பசும்பாலைக் காய்ச்சும்போது அதன் திரளும் சற்று மென்மையாகிறது. பச்சைப் பாலைக் குழந்தைக்கு ஒருபோதும் கொடுக்கக் கூடாது என்பதற்கு அதைவிடப் பெரிய காரணம் கிருமிகள்: சால்மொனெல்லா, லிஸ்டீரியா, புரூசெல்லா, காசநோய்க் கிருமிகூட அதன் வழியாக வரலாம்.

சரி, கூடுதல் புரதமும் உப்பும் இருந்தால் என்ன கெட்டுவிடும்? உடல் பயன்படுத்தாத புரதம் யூரியாவாக மாறும். அந்த யூரியாவையும் மிஞ்சிய உப்புகளையும் சிறுநீரகம் தண்ணீரோடு சேர்த்துத்தான் வெளியேற்ற முடியும். பசும்பால் சிறுநீரகத்தின்மேல் ஏற்றும் இந்தக் கரைபொருள் சுமை, தாய்ப்பாலைவிட மூன்று மடங்கு அதிகம். ஃபார்முலா இரண்டுக்கும் நடுவில், தாய்ப்பாலுக்கு அருகில் நிற்கிறது. பெரியவர்களின் சிறுநீரகம் குறைந்த தண்ணீரிலேயே நிறையக் கழிவைச் செறிவாக வெளியேற்றிவிடும். பிறந்த குழந்தையின் சிறுநீரகத்துக்கு அந்தத் திறமையில் பாதிதான் இருக்கும். நல்ல உடல்நிலையில் இருக்கும்போது இது வெளியே தெரியாது. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து உடல் நீரை இழக்கும்போதுதான் ஆபத்து. கழிவை வெளியேற்ற வேண்டிய தண்ணீரை உடலிலிருந்தே எடுக்க நேர்வதால் நீரிழப்பு வேகமாக முற்றும்.

இரண்டாவது காரணம் குடலில் இருக்கிறது, அது கண்ணுக்கே தெரியாது. 1990-ல் அமெரிக்காவின் அயோவா ஆய்வாளர்கள், ஐந்தரை மாதக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குப் பசும்பாலும் மற்றவர்களுக்கு ஃபார்முலாவும் கொடுத்து மலத்தைப் பரிசோதித்தார்கள். பசும்பால் தொடங்கிய முதல் நான்கு வாரங்களில், ரத்தத்தின் சுவடு தெரிந்த மல மாதிரிகள் 3 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாக ஏறின. குழந்தைகள் நன்றாகத்தான் இருந்தார்கள், ரத்தம் கண்ணுக்கும் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு சொட்டோடும் இரும்பு போகிறது. வயது ஏற ஏற இந்தக் கசிவு குறைந்து, ஒரு வயதை ஒட்டி நின்றுவிடுகிறது. ஃபார்முலா தயாரிப்பில் புரதம் கடுமையான சூட்டைத் தாண்டி வருவதால் அதில் இந்தப் பிரச்சினை இல்லை.

ஆக, ஒரு வயது என்பது பல கோடுகள் சந்திக்கும் இடம். சிறுநீரகம் தேறியிருக்கும், குடல் பழகியிருக்கும், குழந்தை தட்டில் வைத்ததை எடுத்துச் சாப்பிடத் தொடங்கியிருக்கும். இதில் எல்லா அமைப்புகளும் ஒரே மாதிரி சொல்வதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 12 மாதத்துக்கு முன் பசும்பாலைக் குடிக்கக் கொடுக்க வேண்டாம் என்கிறது. உலக சுகாதார நிறுவனமோ 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தாய்ப்பால் தவிர வேறு பால் குடிக்கும் 6 முதல் 11 மாதக் குழந்தைகளுக்கு ஃபார்முலாவும் கொடுக்கலாம், விலங்குப் பாலும் கொடுக்கலாம் என்கிறது. உலகம் முழுமைக்கும் எழுதும்போது, ஃபார்முலா வாங்க முடியாத வீடுகளையும் சுத்தமான தண்ணீர் கிடைக்காத ஊர்களையும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது. ஃபார்முலா ஒழுங்காகக் கிடைத்து, குழந்தையும் அதை நன்றாகக் குடிக்கிறது என்றால் பன்னிரண்டு மாதம்வரை பொறுப்பதே நல்லது என்பது என் கருத்து. அதற்காகத் தயிரையும், உணவோடு சேர்த்துச் சமைத்த கொஞ்சம் பாலையும் கண்டு பயப்பட வேண்டாம். அவற்றை ஆறு மாதத்துக்குப் பிறகு கொடுக்கலாம்.

இப்போது இரும்புக்கு வருவோம். நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தை, முதல் நான்கு முதல் ஆறு மாதத்துக்குப் போதுமான இரும்பைச் சேமித்துக்கொண்டு பிறக்கிறது. அதன்பிறகு உணவிலிருந்துதான் வர வேண்டும். ஃபார்முலாவில் லிட்டருக்கு 4 முதல் 12 மில்லிகிராம்வரை இரும்பு சேர்க்கிறார்கள். பசும்பாலில் லிட்டருக்கு அரை மில்லிகிராம்தான் இருக்கும். அதிலும் பெரும்பகுதியை உடல் உறிஞ்சாது, ஏனென்றால் பாலில் உள்ள கால்சியமும் கேசீனும் இரும்பை உறிஞ்சுவதைத் தடுக்கின்றன. நாளுக்கு 700 மி.லி. ஃபார்முலா குடித்த குழந்தை, அதே அளவு பசும்பாலுக்கு மாறினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 8 மில்லிகிராம் சேர்த்த ஃபார்முலா என்றால் ஐந்தரை மில்லிகிராம் கிடைத்துக்கொண்டிருந்தது. அது ஒரு மில்லிகிராமில் மூன்றில் ஒரு பங்காக விழுந்துவிடும். ஒரு வயதுக் குழந்தைக்கு நாளுக்கு 7 மில்லிகிராம் வேண்டும் என்பது அமெரிக்கப் பரிந்துரை. குழந்தை முன்பு போலவே வயிறு நிறையக் குடிக்கிறது, தூங்குகிறது, எடையும் போடுகிறது. குறைந்தது எதுவென்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

அதனால்தான் பசும்பாலுக்கு மாறுவது, ஒரு பாலை எடுத்துவிட்டு இன்னொன்றை அதே இடத்தில் வைக்கும் வேலையாக இருக்கக் கூடாது. ஒரு வயதுக் குழந்தைக்கு நாளுக்கு ஏறக்குறைய 900 கலோரி தேவை. அரை லிட்டர் பால் அதில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுக்கும். புரதத் தேவையையும் கால்சியத்தில் பெரும்பகுதியையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஒரு லிட்டர் குடித்தால் மூன்றில் இரண்டு பங்கு கலோரி பாலிலேயே வந்துவிடும், பிறகு சாப்பாட்டுக்குப் பசி எங்கிருந்து வரும்? "சாப்பிடவே மாட்டேன் என்கிறான், பால் மட்டும் நன்றாகக் குடிக்கிறான்" என்று கவலைப்பட்டு இன்னொரு புட்டிப் பால் கொடுக்கிறோம். அந்தப் பாலே அடுத்த வேளைப் பசியையும் எடுத்துக்கொள்கிறது. குழந்தை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் ரத்தசோகைகளில், இப்படிப் பால் அதிகமாகி இரும்பு குறைவதால் வரும் ரத்தசோகையும் ஒன்று. நாளுக்கு அரை லிட்டரை ஒட்டிக் கொடுங்கள், 700 மி.லி.யைத் தாண்ட விடாதீர்கள். மீதிப் பசியைப் பருப்பு, முட்டை, கீரை, மீன், இறைச்சி ஆற்றட்டும். தாவர உணவில் உள்ள இரும்பு எளிதில் உறிஞ்சப்படாது, கூடவே வைட்டமின் சி உள்ள ஒரு பழம் இருந்தால் உறிஞ்சப்படும் அளவு கூடும். பாலைச் சாப்பாட்டோடு கொடுக்காமல் இடைவேளையில் கொடுத்தால் இன்னும் நல்லது.

மாற்றும் வேலை அப்படியொன்றும் கஷ்டமில்லை. பல குழந்தைகள் ஒரே நாளில் மாறிவிடுவார்கள். முகம் சுளிக்கிற குழந்தைக்குக் காரணம் பெரும்பாலும் சுவைதான், பசும்பாலில் அந்தப் பழகிய இனிப்பு குறைவு. அதைச் சர்க்கரை போட்டு ஈடுகட்டக் கூடாது. நான்கு பங்கில் ஒரு பங்கு பசும்பால், மூன்று பங்கு ஃபார்முலா என்று தொடங்கி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பசும்பாலைக் கூட்டிக்கொண்டே வந்தால் ஒரு வாரம், பத்து நாளில் முடிந்துவிடும். இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஃபார்முலா பவுடரை டப்பாவில் சொன்ன அளவுத் தண்ணீரில் முதலில் கரைத்துவிட்டு, அந்தக் கரைசலோடுதான் பசும்பாலைச் சேர்க்க வேண்டும். 180 மி.லி. வேண்டுமென்றால் தயாரித்த ஃபார்முலா 135, காய்ச்சி ஆறிய பசும்பால் 45. தண்ணீருக்குப் பதில் பாலிலேயே பவுடரைக் கரைத்தால், ஏற்கெனவே செறிவான புரதத்தின்மேல் இன்னொரு பங்கு புரதமும் உப்பும் ஏறும். சிறுநீரகச் சுமையைப் பற்றி மேலே சொன்னதெல்லாம் அந்தப் புட்டியில் இன்னும் மோசமாக இருக்கும்.

பாலில் தண்ணீர் கலந்து இளக்கும் வழக்கத்தையும் ஒரு வயதுக்குப் பிறகு விட்டுவிடலாம். பாதிக்குப் பாதி கலந்தால் சத்தும் பாதியாகிவிடும். இரண்டு வயதுவரை கொழுப்பு நீக்கிய பாலும் வேண்டாம், வளரும் மூளைக்குக் கொழுப்பு தேவை.

மாறிய முதல் வாரங்களில் மலம் கெட்டியாவதும் நிறம் மாறுவதும் சகஜம். தண்ணீரையும் பழத்தையும் கூட்டி, பாலை அளவோடு கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கடுமையான மலச்சிக்கல் தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். சில குழந்தைகளுக்குப் பால் புரதமே காரணமாக இருக்கும். லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாமல் போகுமோ என்ற பயம் இந்த வயதில் அநேகமாகத் தேவையில்லை. சாதாரண ஃபார்முலாவில் பசும்பாலைவிட அதிக லாக்டோஸ் இருக்கிறது, குழந்தை அதை மாதக்கணக்கில் ஜீரணித்து வந்திருக்கிறது. அதே காரணத்தால் பசும்பால் புரதமும் அதற்குப் புதிதல்ல. அலர்ஜிக்காகப் புரதம் உடைக்கப்பட்ட தனி ஃபார்முலாவோ சோயா ஃபார்முலாவோ குடிக்கும் குழந்தை, குறைமாதத்தில் பிறந்த குழந்தை, சிறுநீரகக் கோளாறு உள்ள குழந்தை ஆகியோர் விஷயத்தில் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் மாற்றவே கூடாது.

ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கென்று தனியாக விற்கும் பவுடர் பால் தேவையா என்று பலர் கேட்கிறார்கள். தேவையில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அதே வழிகாட்டுதல் 12 முதல் 23 மாதக் குழந்தைகளுக்கு அவற்றைப் பரிந்துரைக்கவில்லை. தாய்ப்பாலும் தொடர்கிறது என்றால் பசும்பாலை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம். பாதாம் பால், ஓட்ஸ் பால் போன்றவற்றில் புரதம் மிகக் குறைவு, பசும்பாலின் இடத்தில் அவற்றை வைக்க முடியாது.

பால் மாறும் இந்தச் சமயமே புட்டியிலிருந்து டம்ளருக்கு மாறவும் ஏற்றது. டம்ளரில் குடிக்கும் குழந்தை தேவைக்கு மேல் குடிப்பது குறைவு, பாலின் அளவும் தானாகக் கட்டுக்குள் வரும். புட்டியை வாயில் வைத்தபடி தூங்கினால் லாக்டோஸ் பல்லில் தங்கிச் சொத்தையாகும். மாறிய சில மாதங்களில் குழந்தை வெளிறிப் போனால், சோர்ந்து எரிச்சலாக இருந்தால், மண்ணையோ சுண்ணாம்பையோ தேடித் தின்றால், ஒரு எளிய ரத்தப் பரிசோதனை போதும், இரும்பு குறைந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். குறைந்திருந்தால் மருத்துவர் இரும்புச் சொட்டு மருந்து எழுதித் தருவார். கூடவே, நாளுக்கு எவ்வளவு பால் குடிக்கிறது என்று கேட்பார். அதற்குச் சரியான பதில் சொல்ல, இரண்டு நாள் அளந்து எழுதி வைத்துக்கொண்டு போங்கள்.