பரிணாமக் கணிமைக்கு எந்தச் சிமுலேட்டர்?

கொழும்பில் இறுதியாண்டு ஆய்வு செய்யும் பிள்ளைகள் பரிணாமக் கணிமை (உயிர்களின் பரிணாமம் போல, நல்ல புள்ளி எடுத்தவற்றைத் தெரிந்து, சிறிது மாற்றி, தலைமுறை தலைமுறையாக மேம்படுத்தும் கணினி முறை) பற்றிக் கேட்க வந்தால் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அண்ணா, எந்தச் சிமுலேட்டர் வேகம்?" உருக்கள் நடப்பதையும் விழுவதையும் பௌதிக விதிப்படி கணக்கிடும் மென்பொருளைத்தான் சிமுலேட்டர் என்கிறார்கள்.

வேகம் தேவைதான். 100 உருக்கள் (கணினிக்குள் நடமாடும் மெய்நிகர் உடல்கள்), 200 தலைமுறை, ஆளுக்கு 10 விநாடிச் சோதனை என்றால் மொத்தம் 2 இலட்சம் விநாடி. நிஜ நேரத்தில் ஓடவிட்டால் 55 மணித்தியாலத்தைத் தாண்டும். அதனால் திரையில் படம் வரையாமல் ஓடக்கூடியதாகப் பாருங்கள். சரி, முஜோகோ, புல்லட், ஓடிஇ என்ற மூன்று சிமுலேட்டர்களுமே அப்படி ஓடும்.

நான் அதைவிடக் கவலைப்படுவது சிமுலேட்டரின் பௌதிகக் கணக்கில் உள்ள ஓட்டைகளைப் பற்றி. பரிணாமத் தேடலுக்கு, சோதனையில் உரு எடுக்கும் புள்ளி மட்டும்தான் தெரியும். ஓட்டை இருந்தால் கட்டாயம் அதற்குள் புகும். 1994இல் கணினி வரைகலை ஆய்வாளர் கார்ல் சிம்ஸ் மெய்நிகர் உயிர்களை வளர்த்தபோதே, உயரமான உருக்கள் சும்மா விழுந்தே வேகம் காட்டிவிடும் என்ற சிக்கல் இருந்தது. உராய்வும் தசை விசையும் இல்லாமல் முதலில் ஓடவிட்டு, திணிவு மையம் இறங்கி நிலைகொண்ட பிறகுதான் அவர் அளந்தார்.

ஒரு மாணவியின் நாலுகால் உரு தலைமுறைக்குத் தலைமுறை வேகம் கூடிக்கொண்டே போனது. மெதுவாக ஓட்டிப் பார்த்தால், கால் ஒரே நேரப்படியில் (சிமுலேட்டர் ஒவ்வொரு கணக்கிலும் முன்னே நகரும் சிறு நேரத்துண்டு) தரைக்குள் புதைகிறது. அடுத்த படியில் சிமுலேட்டர் அதை வெளியே தள்ளுகிறது. அந்த உதையில்தான் உரு பறக்கிறது. நேரப்படியைப் பாதியாக்கினோம், உரு இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. முஜோகோவின் இயல்பு நேரப்படி 0.002 விநாடி, புல்லட்டைப் பைத்தான் நிரல்மொழியிலிருந்து இயக்கும் பைபுல்லட்டில் 1/240. எதை எடுத்தாலும், வென்ற உருவை அந்த நேரப்படியின் பாதியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

அப்புறம், அதே உரு மறுபடியும் அதே புள்ளியை எடுக்கிறதா? ஓடிஇயின் குவிக்ஸ்டெப் தீர்வி (மூட்டு, தொடுகை போன்ற கட்டுப்பாடுகளைக் கணக்கிட்டுத் தீர்க்கும் பகுதி), அந்தக் கட்டுப்பாடுகளின் வரிசையை இடையிடையே எழுமாறாகக் கலைக்கும். ஒவ்வொரு சோதனைக்கும் முன் விதை எண்ணை (எழுமாற்று எண்களின் வரிசை எங்கே தொடங்கும் என்று தீர்மானிக்கும் எண்) திருப்பி வைக்காவிட்டால் விடை ஆடும். மூலநிரல் திறந்திருப்பதால்தான் இதையெல்லாம் நாமே உள்ளே போய்ப் பார்க்க முடிகிறது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் தெரிவு முஜோகோ. கூகுள் குழுமத்தின் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்ட் 2021இல் அதை வாங்கி, 2022இல் அப்பாச்சி என்ற திறந்த மூல உரிமத்தில் திறந்துவிட்டது, பைத்தானிலிருந்தே இயக்கலாம். இருபரிமாணம் போதுமென்றால் பாக்ஸ்2டி. எதுவானாலும் பதிப்பு எண், நேரப்படி, தீர்வி, விதை எண் நான்கையும் ஆய்வறிக்கையிலேயே எழுதிவிடுங்கள்.