செப்டிக் அபார்ஷன்: கருப்பைத் தொற்றுக் கருச்சிதைவு

கரு கலைந்த பின்போ கலைக்கப்பட்ட பின்போ கருப்பையில் கிருமித்தொற்று ஏறுவதுதான் செப்டிக் அபார்ஷன். 'செப்டிக்' அழுகுதலைக் குறிக்கும் கிரேக்க வேரிலிருந்து வந்தது. 'அபார்ஷன்' லத்தீன்: 'அப்' விலகல், 'ஒரிரி' எழுதல், பிறத்தல். பிறப்பை எட்டாமல் போனது என்பதற்கு மேல் அந்தச் சொல் எதுவும் சொல்வதில்லை. தமிழில் கரு கலைந்தது வேறு, கருவைக் கலைத்தது வேறு. பேச்சுவழக்கும் 'அபார்ஷன் ஆயிடுச்சு', 'அபார்ஷன் பண்ணிட்டாங்க' என்று வினையை மாற்றிப் பிரித்துக்கொள்கிறது.

இதைத் தமிழில் 'சீழ்க் கருச்சிதைவு' என்று மொழிபெயர்த்தால், சீழ் இல்லாவிட்டால் பயமில்லை என்று தோன்றிவிடும். வெறும் 'தொற்றுக் கருச்சிதைவு' என்றாலோ ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவும் நோய் போலிருக்கும். 'கருப்பை' என்ற சொல்லைச் சேர்த்தால் இடம் தெளிவாகிறது.

இந்தியச் சிற்றூர்களில் கருவைக் கலைக்கக் கருப்பைக்குள் எருக்கங்குச்சி சொருகும் வழக்கத்தைத் தடயவியல் மருத்துவ நூல்கள் பதிந்திருக்கின்றன. குச்சி கருப்பைச் சுவரைத் துளைத்துக் குடல்வரை போகலாம். எருக்கம்பால் உள்ளே புண்ணாக்கும். அழுக்கோடு ரணஜன்னி (டெட்டனஸ்) கிருமியும் நுழையும். கருவின் துணுக்கு உள்ளே தங்கினாலும் தொற்று ஏறும், மாத்திரையால் கலைந்திருந்தாலும்கூட.

38 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் காய்ச்சல், நாற்றமடிக்கும் கசிவு, விடாத அடிவயிற்று வலி, மணிக்கு 2 பேட் வீதம் தொடர்ந்து 2 மணி நேரம் நனையும் ரத்தப்போக்கு: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சூடு தணிந்து, கைகால் சில்லிட்டு, நாடி வேகமாக ஓடினால் தேறிவிட்டாள் என்று வீட்டில் நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் தொற்று ரத்தத்தில் பரவி, ரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருக்கும்.

நரம்பு வழி ஆன்டிபயாடிக் மட்டும் போதாது. தங்கிய துணுக்குக்கு ரத்த ஓட்டம் இல்லை, மருந்து அங்கே சேராது. அதை உறிஞ்சி எடுத்தே ஆக வேண்டும்.

இந்தியாவில் 1971-ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் 1972 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. 2021 திருத்தத்தின்படி, சட்டம் ஏற்கும் காரணங்களுக்கு 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 24 வாரம் வரை குறிப்பிட்ட பிரிவுப் பெண்களுக்கு இருவர் கருத்து வேண்டும். 18 வயது நிறைந்தவளுக்குத் தன் ஒப்புதலே போதும், கணவன் கையெழுத்து தேவையில்லை. அவள் பெயரை வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம். இதெல்லாம் ஊர்ப்புறத்தில் பலருக்குத் தெரியாததால்தான் காய்ச்சலோடு வருபவள் 'தானா கலைஞ்சிருச்சு' என்று மறைக்கிறாள். எத்தனையாவது வாரம், எதனால் கலைத்தது, எப்போது என்ற மூன்றும் தெரிந்தால்தான் கருப்பை துளைபட்டிருக்கிறதா என்று மருத்துவர் தேடுவார்.