குடும்ப மருத்துவரின் இணையவழிக் கல்வி: புள்ளிக் கணக்கும் நோயாளிக்குக் கிடைக்கும் பயனும்

சிங்கப்பூரில் முழுப் பதிவு பெற்ற மருத்துவர் ஒவ்வொருவரும் ஈராண்டுக் காலகட்டத்துக்குள் குறைந்தது 50 தொடர்கல்விப் புள்ளிகளைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் தொழில் சான்றிதழைப் புதுப்பிக்க முடியாது. 2003ஆம் ஆண்டிலிருந்து சிங்கப்பூர் மருத்துவ மன்றம் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஏறத்தாழ ஒரு மணி நேரக் கல்விக்கு ஒரு புள்ளி என்பது கணக்கு. அவற்றில் ஒரு பகுதி மருத்துவரின் சொந்தத் துறைக்கு நேரடியாக உரியதாக இருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டைப் பற்றி நோயாளிகள் பலருக்குத் தெரியாது என்பதை என் மருந்தகத்தில் (கிளினிக்கில்) அடிக்கடி காண்கிறேன். பட்டம் வாங்கிய அன்றோடு மருத்துவரின் படிப்பு முடிந்துவிட்டது என்றே அவர்கள் எண்ணுகிறார்கள். இன்று அந்தப் புள்ளிகளில் பெரும்பகுதியை வீட்டிலோ மருந்தகத்திலோ இருந்தபடியே கணினி வழியாகச் சேர்த்துவிட முடிகிறது. இது பெரிய வசதி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், அந்த வசதியில் எவ்வளவு பங்கு நோயாளியைப் போய்ச் சேருகிறது என்பதைக் குடும்ப மருத்துவர்களாகிய நாங்கள் வெளிப்படையாகப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

அனுபவம் கூடக் கூட மருத்துவரின் தரமும் தானாகக் கூடும் என்பது பொதுவான நம்பிக்கை. 2005ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஓர் ஆய்வு இந்த விஷயத்தைத் தொட்ட 62 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை, தொழிலில் ஆண்டுகள் ஏற ஏறப் புதிய வழிகாட்டுதல்களைப் பின்பற்றுவது குறைந்துபோவதைக் காட்டின. அடுத்த ஆண்டே வெளியான இன்னோர் ஆய்வு, தமக்கு எது தெரியும், எது தெரியாது என்று மருத்துவர்கள் தாமே போட்டுக்கொள்ளும் மதிப்பீடு பெரும்பாலும் உண்மை நிலையோடு பொருந்துவதில்லை என்று கண்டது. மாதம் ஒருமுறையாவது இந்த இரண்டு முடிவுகளையும் நினைத்துக்கொள்வது எனக்கு வழக்கமாகிவிட்டது. எந்தத் தலைப்பில் நமக்கு நல்ல பிடிப்பு இருக்கிறதோ அந்தத் தலைப்பிலேயே மீண்டும் மீண்டும் உரை கேட்கப் போகிறோம். விட்டுப்போன தலைப்பு விட்டுப்போனதாகவே கிடக்கிறது.

ஆஸ்துமாவை எடுத்துக்கொள்வோம். பல பத்தாண்டுகளாக, எப்போதாவது மூச்சுத் திணறல் வருபவர்களுக்கு நீல நிற ‘பம்ப்’ ஒன்றை, அதாவது சால்பியூட்டமாலை மட்டும் கொடுத்து அனுப்புவது வழக்கமாக இருந்தது. 2019இல் ‘ஜினா’ எனப்படும் உலகளாவிய ஆஸ்துமா அமைப்பு, 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு நீல பம்பை மட்டும் கொடுப்பதை இனிப் பரிந்துரைப்பதில்லை என்று அறிவித்தது. அந்த மருந்து மூச்சுக் குழாயை விரிக்கிறதே தவிர, உள்ளிருக்கும் அழற்சியைத் தொடுவதில்லை. அதையே நம்பியிருப்பவருக்குக் கடுமையான தாக்குதல் வரும் அபாயம் ஏறுகிறது. ஓராண்டில் மூன்று பம்புகளோ அதற்கு மேலோ காலியாகின்றன என்றாலே அது எச்சரிக்கை. அண்மையில் என்னிடம் வந்த ஒரு பெரியவர், நான் வாய் திறப்பதற்கு முன்பே, “எனக்கு வேற ஒண்ணும் வேணாம் டாக்டர், அந்த நீல பம்ப் ஒண்ணு கொடுத்தா போதும், பல வருஷமா அதுதான் எடுக்கிறேன்” என்றார். அழற்சியைத் தணிக்கும் ஸ்டெராய்டு கலந்த பம்பை ஏன் சேர்க்க வேண்டும் என்று தமிழில் விளக்கவும், அதை அவர் சரியாக இழுக்கிறாரா என்று பார்க்கவும் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. இந்த மாற்றத்தை அறியாத மருத்துவராக இருந்தால் ஒரே நிமிடத்தில் பம்பை எழுதிக் கொடுத்திருப்பார். நோயாளியும் மனநிறைவோடு போயிருப்பார். அதனால்தான் இந்த இடைவெளி வெளியே தெரிவதே இல்லை. பழைய முறையில் சிகிச்சை பெறும் நோயாளிக்குக் குறை சொல்ல எதுவும் தோன்றுவதில்லை.

முன்பெல்லாம் தொடர்கல்வி என்றால் மருத்துவ அமைப்புகள் இயங்கும் காலேஜ் ரோட்டுக்கோ ஏதாவது மருத்துவமனைக்கோ நேரில் போக வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் தனியாளாக மருந்தகம் நடத்துபவருக்குக் காலை, பிற்பகல், இரவு என மூன்று வேளை நோயாளிகள் இருப்பார்கள். கதவைப் பூட்டிவிட்டுப் போனால் வருமானமும் போகும், நோயாளியும் திரும்பிப் போவார். மாற்று மருத்துவரை அமர்த்தினால் அதற்குத் தனிச் செலவு. 2020 ஏப்ரலில் தொடங்கிய கோவிட்-19 கிருமிப் பரவல் முறியடிப்புக் காலத்தில் எல்லாமே திரைக்கு மாறியபோது, இத்தகைய மருத்துவர்களுக்கு முதன்முறையாகக் கதவு திறந்தது என்றே சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் நான் கண்டது இன்றும் என் எண்ணத்தை நடத்துகிறது. தொற்றுநோய்க் காலத்தில் அரசுடன் இணைந்து செயல்படும் பொதுச் சுகாதாரத் தயார்நிலை மருந்தகங்களுக்கான இணையக் கூட்டங்களில் மருத்துவர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள், குறிப்பெடுத்தார்கள், கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். யாரை எங்கே அனுப்புவது, எந்தப் பரிசோதனையை எப்போது செய்வது, தடுப்பூசி போட்ட பிறகு கவனிக்க வேண்டியவை எவை என்பதெல்லாம் வாரத்துக்கு வாரம் மாறின. மறுநாள் காலை எட்டரை மணிக்கு அதே சூழலில் ஒரு நோயாளி வந்து நிற்பார் என்பது எல்லாருக்கும் தெரியும். அங்கே புள்ளிக்காக வந்தவர் என்று யாரையும் நான் பார்க்கவில்லை. பெருந்தொற்று தணிந்த பிறகு, அதே மருத்துவர்கள் அதே திரையின் முன் கேமராவை அணைத்துவிட்டு, ஒரு பக்கம் உரை ஓட, மறுபக்கம் அன்றைய ஆய்வுக்கூட முடிவுகளைப் பார்த்துக்கொண்டோ சாப்பிட்டுக்கொண்டோ இருக்கிறார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று எண்ணிவிடக் கூடாது. பகலெல்லாம் நோயாளிகளைப் பார்த்துக் களைத்தவரை இரவு எட்டு மணிக்கு ஒன்றரை மணி நேர உரைக்குமுன் உட்காரவைக்கும் ஏற்பாட்டில்தான் கோளாறு இருக்கிறது.

திரைவழிக் கல்வி தன்னளவில் தாழ்ந்தது என்று சொல்வதற்கும் ஆதாரம் இல்லை. 2008இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையைச் சேர்ந்த டேவிட் குக்கும் அவரது குழுவினரும் நடத்திய விரிவான பகுப்பாய்வில், எந்தக் கல்வியும் பெறாததோடு ஒப்பிடும்போது இணையக் கல்வி பெரும் பலன் தந்தது. வகுப்பறைக் கல்வியோடு ஒப்பிடும்போது பெரிய வேறுபாடு இல்லை. 2018இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது. ஆனால் இதற்கும் முன்பே, 1999இல் வெளியான ஒரு மதிப்பாய்வு, வெறுமனே உரையைக் கேட்டுவிட்டுப் போவது மருத்துவரின் நடைமுறையை மாற்றுவதில்லை என்றும், கலந்துரையாடலும் பயிற்சியும் சேர்ந்த அமர்வுகளே மாற்றுகின்றன என்றும் காட்டியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், திரையா மண்டபமா என்ற வாதத்தில் நாம் செலவிடும் நேரத்தை, கேள்வியும் பதிலும் கலந்த அமர்வை எப்படி அமைப்பது என்பதில் செலவிடலாம் என்று தோன்றுகிறது.

அதற்கு வழிகள் இங்கேயே இருக்கின்றன. 1971இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் குடும்ப மருத்துவர் கல்லூரி வெளியிடும் இதழில் ஒரு தலைப்பை ஒட்டிய கட்டுரைகளும், அவற்றைப் படித்துவிட்டு இணையத்தில் விடை எழுத வேண்டிய வினாக்களும் சேர்ந்தே வருகின்றன. இரவு உரையில் கிடைப்பதைவிட இதில் எனக்கு அதிகம் நிற்கிறது. தவறான விடையைத் தேர்ந்தெடுத்த இடம் மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஒரே நாளில் எல்லாவற்றையும் படித்து முடிப்பதைவிட, வாரக்கணக்கில் இடைவெளி விட்டு அதே பொருளில் சிறு சிறு வினாக்களைச் சந்திப்பது நினைவை நெடுநாள் காக்கிறது என்று ஹார்வர்டில் பிரைஸ் கெர்ஃபூட் நடத்திய ஆய்வுகள் காட்டியுள்ளன. குடும்ப மருத்துவருக்கு இது மிகவும் பொருந்தும். இரண்டு நோயாளிகளுக்கு நடுவே ஐந்து நிமிடம் கிடைக்கும். ஒன்றரை மணி நேரம் கிடைக்காது.

2018 முதல் பரவலாக்கப்பட்ட அடிப்படைப் பராமரிப்புக் கட்டமைப்புகள், தனியாளாக இயங்கும் மருந்தகங்களை ஒன்றிணைத்துத் தாதியரையும் பராமரிப்பு ஒருங்கிணைப்பாளரையும் பகிர்ந்துகொள்ள வழி செய்தன. கல்விக்கும் அதே பிணைப்பைப் பயன்படுத்தலாம். ஒவ்வொருவரும் தம் மருந்தகத்தில் விடை தெரியாமல் நின்ற ஒரு நோயாளியைப் பெயர் குறிப்பிடாமல் முன்வைக்க, மற்றவர்கள் வழிகாட்டுதலைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு பேசினால் அதைவிட நல்ல பாடம் கிடையாது. பேச்சு மருந்தின் பெயரில் தொடங்கி, நோயாளி அதை வாங்க முடியுமா, இரவுப் பணி செய்பவர் எப்போது சாப்பிடுவார் என்பது வரை போகும். பதிவு செய்யப்பட்ட உரையில் இதை எதிர்பார்க்க முடியாது.

வெளிநாட்டு இணையப் பாடங்களைப் படிப்போர் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். பிரிட்டன், அமெரிக்கப் பாடங்கள் தரமானவை, பலவும் இலவசம். ஆனால் அவற்றில் அதிக எடையின் எல்லை, உயரத்தோடு எடையை ஒப்பிடும் உடல் எடைக் குறியீடு (பிஎம்ஐ) 25 என்று பெரும்பாலும் வரும். ஆசியர்களுக்கு 23இலிருந்தே நீரிழிவு, இதய நோய் அபாயம் ஏறுகிறது என்பதால் சிங்கப்பூர் 2005இலேயே தன் எல்லையை மாற்றிக்கொண்டது. இந்தியச் சமூகத்தில் நீரிழிவு அதிகமாகக் காணப்படும் இந்த ஊரில், 24 என்ற எண்ணைப் பார்த்து ‘சரியான எடைதான்’ என்று சொல்லி அனுப்புவது சிறிய தவறு அன்று. உள்ளூர் நடைமுறைக்கு, சுகாதார அமைச்சின் ‘ஏஸ்’ அமைப்பு வெளியிடும் சுருக்கமான வழிகாட்டுதல்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

மருந்து நிறுவனங்களின் ஆதரவில் நடக்கும் இணைய உரைகள் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவற்றில் பேசுவோர் பெரும்பாலும் திறமையான நிபுணர்கள். தரும் தகவலும் பொய்யன்று. ஆனால் எந்தத் தலைப்பு பேசப்பட வேண்டும் என்பதை யார் தீர்மானிக்கிறார் என்று பாருங்கள். புதிய மருந்துக்கு உரை உண்டு. இனித் தேவைப்படாத மருந்தை நிறுத்துவதற்கு உரை ஏற்பாடு செய்ய எந்த நிறுவனத்துக்கும் காரணம் இல்லை. 2018இல் வெளியான மூன்று பெரிய ஆய்வுகளுக்குப் பிறகு, இதய நோய் இல்லாத முதியவர்கள் தற்காப்புக்காக ஆஸ்பிரின் எடுப்பதில் இரத்தக் கசிவு அபாயம் பலனை விஞ்சக்கூடும் என்று தெரிந்தது. அதைப் பற்றி இரவு உணவோடு கூடிய அழைப்பு எதுவும் எனக்கு வரவில்லை. நானாகத் தேடிப் படிக்க வேண்டியிருந்தது.

2023 ஜூலையில் தொடங்கிய ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டத்தில் 40 வயதுக்கு மேற்பட்டவர்கள் தங்களுக்கென ஒரு மருந்தகத்தைத் தேர்ந்து பதிவு செய்துகொள்கிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருந்தகங்கள் சேர்ந்துள்ளன. நீரிழிவு, இரத்த அழுத்தம், கொழுப்புச் சத்து போன்றவற்றுக்குப் பொதுவான பராமரிப்பு நெறிமுறைகள் வகுக்கப்பட்டு, அவ்வப்போது புதுப்பிக்கப்படுகின்றன. ஒரே மருத்துவரிடம் பல்லாண்டுகள் போகப் போகிறவருக்கு, அந்த மருத்துவர் தொடர்ந்து படிக்கிறாரா என்பது சொந்த விஷயம். மருத்துவர் உங்கள் முன்னிலையில் கணினியில் எதையாவது தேடிப் பார்த்தால், “இவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது” என்று தயவுசெய்து எண்ண வேண்டாம். நம்மவர்களில் மூத்தோர் பலருக்கு இந்த எண்ணம் இருப்பதை நான் அறிவேன். மருந்தின் அளவையும், சிறுநீரகச் செயல்பாட்டுக்கு ஏற்ற மாற்றத்தையும் சரிபார்த்துக் கொடுப்பவரே கவனமுள்ள மருத்துவர். பல ஆண்டுகளாக எடுக்கும் மருந்தைப் பற்றி, “இது இன்னும் எனக்குத் தேவையா, இதில் ஏதாவது புதிதாக மாறியிருக்கிறதா?” என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது கேளுங்கள், அந்தக் கேள்வி மருத்துவரையும் அன்றிரவு ஏதாவது படிக்க வைக்கும். அடிப்படைப் பராமரிப்புக் கட்டமைப்புகளை நடத்துவோரிடம் என் வேண்டுகோள், மாதம் ஒரு பிற்பகலையாவது பணி நேரத்துக்குள்ளேயே கற்பதற்கு ஒதுக்கி, அந்த நேரத்தில் நோயாளிகளைப் பக்கத்து மருந்தகம் பார்த்துக்கொள்ளும்படி முறை வைத்துக்கொள்ளுங்கள் என்பதே. அந்தப் பிற்பகலில் மருந்தகம் மூடியிருக்கும் என்ற அறிவிப்பைக் கதவில் காண்போர், அவசரமில்லாத வருகையை மறுநாளுக்கு மாற்றிக்கொள்ள வேண்டுகிறேன்.