குட்டி ஸ்லாட்டில் ஆள் இருப்பது எப்படித் தெரிகிறது?

"கணினி மதர்போர்டில், கார்டுகளைச் செருகும் இடங்களில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு ஸ்லாட் காலியாகவே கிடக்கிறதே, அது எதற்கு?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்1 என்பது அதன் பெயர். நீளம் 25 மில்லிமீட்டர். கிராஃபிக்ஸ் கார்டு உட்காரும் எக்ஸ்16 ஸ்லாட்டில் 16 லேன்கள் என்றால் இதில் ஒன்றே ஒன்று. அனுப்ப இரண்டு கம்பி, வாங்க இரண்டு கம்பி, அதுதான் ஒரு லேன்.

ஒன்று போதுமா? தாராளமாகப் போதும். 2003-ல் வந்த முதல் தலைமுறையிலேயே ஒரு லேனில் நொடிக்கு 250 மெகாபைட் போகும், ஜிகாபிட் நெட்வொர்க்குக்கு 125 இருந்தாலே சரி. போன ஐப்பசி மழையில் இடி இறங்கி என் கணினியின் நெட்வொர்க் போர்ட் செத்துப்போனது. மதர்போர்டையே மாற்றச் சொன்னார்கள். நான் ஒரு சின்ன நெட்வொர்க் கார்டை வாங்கி இந்த ஸ்லாட்டில் செருகினேன், இன்றுவரை ஓடுகிறது.

இதில் என்னை மயக்குவது வேறொன்று. எந்த லேனின் மறுமுனையில் ஆள், அதாவது கார்டு, இருக்கிறது என்பதை மதர்போர்டு கண்டுபிடிக்கும் விதம். ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள், அரிசிக் குருணையைவிடச் சின்னதாக, ஜோடி ஜோடியாக மின்தேக்கிகள் நிற்கும். அனுப்பும் கம்பி ஒவ்வொன்றும் அதில் ஒன்றின் வழியாகத்தான் போகிறது. கணினியைப் போட்டதும் அனுப்பும் சிப் தன் இரண்டு கம்பிகளின் மின்னழுத்தத்தையும் சேர்த்தே கொஞ்சம் மாற்றிவிட்டு, அந்த மாற்றம் எவ்வளவு நேரத்தில் நிறைவடைகிறது என்று பார்க்கிறது. மறுமுனையில் கார்டு இருந்தால் அதன் 50 ஓம் மின்தடை வழியாகத் தரையோடு சுற்று முழுமையாகிறது, அந்த மின்தேக்கி முழுவதையும் மின்னேற்றியாக வேண்டும், அதனால் அழுத்தம் மெதுவாக ஏறும். கார்டு இல்லையென்றால் அந்த முனை அந்தரத்தில் நிற்கிறது, மின்னேற்ற அதிகம் எதுவும் இல்லை, அழுத்தம் சட்டென்று ஏறிவிடும். மெதுவாக ஏறினால் ஆள் உண்டு, வேகமாக ஏறினால் இல்லை. பிளஸ் டூ இயற்பியலில் படித்த அதே மின்தேக்கி மின்னேற்றம்தான்! ஒரு பிட் தகவல்கூடப் பரிமாறாமல் கிடைக்கும் இந்தப் பதில் எனக்கு இன்றும் வியப்பு.

அப்புறம் இரண்டு பக்கமும் மிகக் குறைந்த வேகத்தில் பேச ஆரம்பித்து, எத்தனை லேன், எவ்வளவு வேகம் என்று ஒத்துக்கொள்கின்றன. எக்ஸ்1 கார்டை எக்ஸ்16 ஸ்லாட்டில் போட்டாலும் வேலை செய்வது இதனால்தான், மீதி 15 லேன்களில் ஆள் இல்லை என்று விட்டுவிடும்.

ஆயுத பூஜைக்குக் கணினிக்குப் பொட்டு வைக்கிறோம், வைக்கட்டும். அன்றைக்கே பக்க மூடியைக் கழற்றிப் பிள்ளைகளுக்கு இந்த மின்தேக்கிகளையும் காட்டலாம் என்பது என் ஆசை.

வாசகருக்கு இன்னொன்று: மின் இணைப்பை முழுதாகப் பிடுங்கிவிட்டுச் செருகுங்கள். செருகியும் கார்டு தெரியவில்லை என்றால் போர்டின் கையேட்டைப் பாருங்கள். சில போர்டுகளில் எஸ்எஸ்டி என்ற சேமிப்புச் சாதனத்தைச் செருகும் எம்.2 ஸ்லாட்டும் இதுவும் ஒரே லேனைப் பங்கிட்டுக்கொள்ளும், அங்கே எஸ்எஸ்டி இருந்தால் இங்கே ஒன்றும் நடக்காது.